பாதியில் இருக்கிற வேலை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன்னோடு சேர்ந்து ஊழியம் செய்கிற ஜோடிப்பெண்ணும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நன்றாக இல்லாதது அப்பாவின் இடது முழங்கால் ஒன்றுதான், அதுவும் வேனில் கிளட்ச்சை மிதிக்கும்போது வலிக்காதாம், நான் கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் வலிக்குமாம். அத்தையும் சௌக்கியம், அத்தையின் வாயும் சௌக்கியம்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசும்போது உன் பக்கத்திலேயே அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், என் பக்கத்தில் அப்பா செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஊழியத்துக்குப் போன இருவரும் ஒருவரை ஒருவர் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும், எங்கேயும் தனியாகப் போகக் கூடாது என்பது உங்கள் விதி. பெண்பிள்ளைகளுக்கு அது நல்ல விதிதான், ஆனால் மனதில் இருப்பதைத் தாயிடம் கொட்ட அதில் இடம் எங்கே இருக்கிறது. அதனால்தான் நீ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, போன வாரம் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் உங்களை விடுகிற அந்த ஒரு நாளில், நாலே நாலு வரியை எனக்குத் தட்டி அனுப்பினாய். புது ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஒருவர்கூடக் கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, கூட இருக்கிறவள் ஊழியத்துக்கே புதிது, வீட்டை நினைத்து நினைத்து அழுகிறாள், அவளுக்கு முன்னால் என்னால் அழக்கூட முடியவில்லை, நான் வந்துவிடட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி, நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

முதலில் என் கதையைக் கேள். இத்தனை வருடமாக நான் பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவள், எத்தனை டிரைவர்களை இந்த ரூட்டிலிருந்து தூக்கி அந்த ரூட்டில் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சொறிவார்கள், மேடம் அந்த லைன்ல எனக்கு ஆளே தெரியாது, டீக்கடைகூடத் தெரியாது என்பார்கள். போனா தெரிஞ்சிடும் போங்க என்று தலையை நிமிர்த்தாமலே அனுப்பிவிடுவேன். கல்நெஞ்சக்காரி என்று எனக்கு ஒரு பெயரே உண்டு. அப்பேர்ப்பட்ட நான், உனக்கு இடமாற்றம், அதுவும் நம் சபையிலிருந்து இதுவரை ஒருவர்கூட ஊழியத்துக்குப் போகாத ஒரு ஊருக்கு என்று கேள்விப்பட்ட அன்று அதே மேஜையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, மேடத்தையே யாரோ ரூட்டு மாத்திட்டாங்கடா என்று வெளியே போய்ச் சொன்னாராம். அன்றிலிருந்து டிரைவர்கள் வந்து நின்றால் நிமிர்ந்து பார்த்துத்தான் போகச் சொல்கிறேன். ரூட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பதில்லை.

உன் நாலு வரியை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை. மறைக்க நினைத்தாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், உனக்குத் தெரியும். படித்துவிட்டு, அப்பவே சொன்னேனே என்று குதிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன், குதிக்கவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனது எங்கே என்று நினைக்கிறாய், அவருடைய கூட்டாளி, அந்த மொத்த மருந்துக் கடை முதலாளியிடம். அங்கே பில் போடுகிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம், இடம் காலி. உன் படிப்பைச் சொல்லி, என் மக வந்துடுவா, இந்த மாசக் கடைசி வரைக்கும் யாரையும் போடாதே என்று கையைப் பிடித்துக் கேட்டு அந்த இடத்தை உனக்காக நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக, நல்ல எடம்மா, ஃபேனுக்கு நேர் கீழே உக்காரலாம், நான் உக்காந்தே பார்த்துட்டேன், நாற்காலி நல்லா சுத்துது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு எழுது, வேலை தயாரா இருக்கு, டிக்கெட் நான் போடறேன், பெட்டியக் கட்டச் சொல்லு, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எழுதணும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்குக்காகத்தான் அவர் சொன்னதை அப்படியே மேலே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூடாது என்று அவர் வாக்கு வாங்கவில்லை.

அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும் நானும் சபைக்குப் போவதை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை, மழை பெய்தால் வாசல் வரை கொண்டுவந்து விடவும் செய்வார், உள்ளேதான் வர மாட்டார். ஆனால் படித்து முடித்த பெண் ஒன்றரை வருடம் சம்பளமில்லாமல் ஊர் ஊராகப் போய்க் கதவு கதவாகத் தட்டுவதா என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். நீ புறப்படுகிறதற்கு முன்னால் அந்தக் கறுப்புப் பெயர் அட்டையைச் சட்டையில் குத்திப் பார்த்தாயே, அதில் சகோதரி என்று போட்டு அதற்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்ததைப் பார்த்துவிட்டு, எம்பேர எதுக்கு இதுல இழுத்து விட்டாங்க என்று முகத்தைச் சுளித்தார். ஊழியக்காரர்களை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, குடும்பப் பெயர்தான், நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஏது, அப்பா பெயர்தானே என்று நீ விளக்கிச் சொன்னாய். அவர் காதில் ஏறவில்லை. நீ போன பிறகு யாராவது விசாரித்தால், வெளியூர்ல டிரெய்னிங்ல இருக்கா என்பதோடு நிறுத்திக்கொள்வார். அத்தை ஒரு படி மேலே போய், அந்த மார்மன் சபைக்காரங்க பொண்ண எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டாங்க என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நான் எவ்வளவுக்கென்று வாயைக் கொடுப்பேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இனிதான் விஷயம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம் உங்களில் சிலரை இடம் மாற்றுவார்களே, அது போன வாரம் இங்கேயும் வந்தது. நம் ஊரில் ஊழியம் செய்கிற இரண்டு பெண்களில் குட்டையாக, வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று போனில் சொல்லியிருக்கிறேனே, அவளுக்கு மாற்றல். மற்றவள், அந்த நெட்டைப் பெண், இங்கேயே இருக்கிறாள், அவளுக்கு வேறு ஜோடி வருகிறாள். வழக்கமாகப் பெட்டிகளை ஏற்றிப்போகிற நம் சபைக் கிளைத் தலைவரின் வண்டி பட்டறையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார், நானும் தயங்கித் தயங்கி வந்து அப்பாவிடம் கேட்டேன். ரெண்டு பெட்டிதானே, கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடறேன் என்றார். அந்தப் பெண்களை ஒரு ஆணோடு தனியாக வண்டியில் அனுப்பக் கூடாது, நானும் வர வேண்டும் என்றேன். நான் பொண்ணப் பெத்தவன்டி என்று எண்ணெயில் போட்ட கடுகாக வெடித்தார். அதனாலதான் உங்களுக்கு அந்த விதி புரியும் என்று சொன்னேன். நான் டிப்போவில் அரை நாள் லீவு போட்டேன்.

போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மூடிக்கொண்டிருக்கிறது. எத்தனை ஊர் சுற்றினாலும் சொத்து அந்த இரண்டு பெட்டிக்குள் அடங்க வேண்டுமே. அடங்காததையெல்லாம் ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்திருந்தாள், பாதி எண்ணெய், கம்பி ஒடிந்த குடை, மூடி மட்டும் இருக்கிற ஒரு பாத்திரம், வரப்போகிறவளுக்காம். உனக்கு அதுகூட இல்லையே, உனக்கு முன்னால் அங்கே யாருமே இருந்ததில்லையே, காலி அறைக்குள் நீ முதல் ஆளாகக் காலை வைத்திருப்பாயே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் அவளை வழியனுப்ப வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே, பார்சல் கொண்டுவருகிறவர், மாடி வீட்டு டீச்சர், மூன்றாம் வீட்டில் எப்போதும் சிடுசிடுவென்று இருப்பாரே அந்த ஓய்வுபெற்ற அதிகாரி, இவர்களெல்லாம் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். அந்த அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைக்கிறார். அப்பா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

வேனில் அன்றைக்கு இறக்க வேண்டிய சரக்காக ஏற்கெனவே மூன்று மெத்தை இருந்தது, ஒரு மகளிர் விடுதியில் கொண்டுபோய்ப் போட வேண்டியது. பெட்டிகளை மெத்தைக்கு மேல் கட்டிக்கொண்டு, நாங்கள் மூன்று பேரும் பின் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். குட்டைப்பெண் அந்தப் பக்கம் போகிற வேறு ஒரு ஊழியக்கார ஜோடியோடு சேர்ந்து ஏறிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டும்போதுதான் முதல் முறையாக அவள் வாயில் பேச்சு வரவில்லை. வரவேண்டிய பெண்ணின் பஸ் வரவில்லை. நெட்டையைத் தனியாக விட முடியாது, நான் இருக்க வேண்டும், நான் இருந்தால் அப்பாவும் இருக்க வேண்டும், அவர் இருந்தால் மெத்தையும் இருக்க வேண்டும். விடுதி வார்டன் மூச்சுக்கு முந்நூறு தரம் போன் போடுகிறார். அப்பா மரத்தடியில் வேனை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் காலை நீட்டிக்கொண்டு, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேங்க என்று அளந்துகொண்டிருந்தார். நெட்டைப்பெண் அதைக் கேட்டுவிட்டு, அங்கிள், எங்களுக்காகப் பொய் சொல்ல வேணாம், உள்ளதையே சொல்லிடுங்க, திட்டினா நான் பேசறேன் என்றாள், உன் வயதுதான் அவளுக்கும். அப்பா அசடு வழிய மறுபடியும் போன் போட்டு, வெளியூர்ப் பொண்ணு ஒண்ண பஸ் ஸ்டாண்டுல தனியா விட்டுட்டு வர முடியலைங்க என்றார். அந்த வார்டன் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு, நிதானமா வாங்கன்னுட்டாங்க என்று அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார். எந்த டிப்போ பஸ்ஸும்மா இப்படி லேட்டு என்று என்னை ஒரு இடி இடித்தார். எங்கள் டிப்போ இல்லை என்பதை நான் விசாரித்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

ஒரு வழியாகப் பஸ் வந்தது, மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு, இரண்டு பெட்டியோடு இறங்கினாள். வேனில் ஏறி உட்கார்ந்ததும் எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று கேட்டேன். கண்ணு, அவள் சொன்னது நீ இங்கிருந்து போய் இத்தனை மாதம் இருந்தாயே, அந்த ஊர். நீ கிளம்பிய மறுநாள் உன் கட்டிலில் வந்து படுத்தவள் இவள்தான். நான் யார் என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள், ஊர் எப்படிம்மா என்று என் வாய் முந்திக்கொண்டது. ஊரு நல்ல ஊருதான் ஆன்டி, ஆனா அங்க எனக்குப் பேரே இல்ல என்றாள். என்ன என்று கேட்டால், எனக்கு முன்னாடி ஒரு சகோதரி இருந்தாங்க, எந்தக் கதவத் தட்டினாலும் அவங்க எங்க, அவங்க எப்ப வருவாங்கன்னுதான் கேக்கறாங்க, நான் யாருன்னு ஒருத்தரும் கேக்கல என்று சொல்லி, உன் அப்பா பெயரைச் சொன்னாள். முன் இருக்கையில் அப்பாவின் காது அசைவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன், மிகைப்படுத்தவில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்குப் புலம்பிக்கொண்டு வருகிறது. பெரிய கட்டிடத்து வாட்ச்மேன் ஒருத்தர் இருக்கார் ஆன்டி, யாரையும் உள்ள விடமாட்டார், அந்தப் பேரச் சொன்னாத்தான் கேட்டைத் திறக்கறார். பேக்கரிக்காரர் ரொட்டியை வெட்டும்போது, அவங்க இருந்தா ஓரம் வெட்டாம வாங்குவாங்கன்னு சொல்லித்தான் குடுக்கறார். ஒவ்வொரு தடவையும் உன் அப்பா பெயர் வருகிறது. தன் பெயரைத் தன் முன்னாலேயே ஒரு அந்நியப் பெண் இப்படிப் போற்றியும் சலித்தும் சொல்லிக்கொண்டே வந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும் சொல். வேன் நத்தையாகப் போய்க்கொண்டிருந்தது, பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடிக்கிறார்கள், அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவள் அந்த இஸ்திரிக் கடை அம்மாவைப் பற்றிச் சொன்னாள். நீ நாலு மாதம் போய்ப் பேசி, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு உனக்கு மாற்றல் வந்துவிட்டது என்று அழுதாயே, அவர்தான். ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது என்று உனக்குத் தகவல் வந்திருக்கும். அன்றைக்கு அவர் பேசியது வந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். வெள்ளை உடையில், தலையில் ஈரம்கூடக் காயாமல் எழுந்து நின்றாராம், எனக்குப் பேசத் தெரியாது, ஒண்ணே ஒண்ணு சொல்றேன் என்றாராம். மொத நாள் இந்தப் பொண்ணுங்க வந்தப்ப வேலையக் கெடுக்காதீங்கன்னு கதவ அடிச்சுச் சாத்தினேன். கொஞ்ச நேரத்துல மழ புடிச்சுக்கிச்சு, மாடிக் கொடியில ஊர்த்துணி அத்தனையும் கிடக்குதேன்னு பதறிக் கதவத் தொறந்தா, அத்தனையும் எடுத்து மடிச்சு வாசல் ஓரமா நனையாம அடுக்கி வச்சிருக்கு, ஆளக் காணோம், கதவக்கூடத் தட்டல, நான் கேட்டதுக்கப்புறம்தான் அது யாருன்னு தெரிஞ்சுது, அந்தப் பொண்ணு இன்னைக்கு இங்க இல்ல, அது பேரையாவது நான் சொல்லணும் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் உன் பெயரை, அதாவது உன் அப்பா பெயரை, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

வேன் ஓரமாகப் போய் நின்றது. அப்பா திரும்பினார். நான் என்னவோ எதிர்பார்த்தேன், இவர் கேட்டது என்ன தெரியுமா, எம்மவ துணி மடிச்சாளா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, நீ இந்த வீட்டில் இருந்த காலத்தில் ஒரு கைக்குட்டையாவது மடித்து வைத்ததுண்டா, உன் நாற்காலி மேல் எப்போதும் ஒரு துணி மலை இருக்குமே. கண்ணாடிப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை, அவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நெட்டைப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் பேரு என்னோடதும்மா என்றார் அப்பா. அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, இத்தனை நேரம் குறை சொல்லிக்கொண்டு வந்தோமே என்று, சாரி அங்கிள், சாரி ஆன்டி என்று உருகிப் போய்விட்டாள். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்தத் துணி விஷயத்தை முதல்லேர்ந்து சொல்லும்மா என்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். நான் சேலைத்தலைப்புக்குக் கையைக் கொண்டுபோனேன், அன்றைக்குப் போட்டிருந்தது சுடிதார், கைக்குட்டையும் இல்லாமல் டிப்போ அடையாள அட்டையின் நாடாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெண்களை வீட்டில் விட்டுவிட்டு மெத்தையை இறக்கப் போனோம். வார்டன் ரொம்ப நல்ல மாதிரி, யாருங்க அந்த வெளியூர்ப் பொண்ணு, சொந்தமா என்று கேட்டார். அப்பா மெத்தையை முதுகிலிருந்து இறக்காமலே, சபை ஊழியத்துக்கு வந்த புள்ளைங்க, என் மகளும் அதேதான் செய்யறா, புதுசா ஒரு ஊரையே அவதான் ஆரம்பிக்கறா என்றார். நான் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. டிரெய்னிங் எங்கே போனது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து ஊழியம் என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் முறை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை, உன்னை நினைத்தும் பெருமை, சொன்னால் கோபித்துக்கொள்வார், அவரை நினைத்தும் பெருமை.

மறுநாள் மத்தியானம் டிப்போவுக்கு எனக்குப் போன், அந்த மருந்துக் கடை முதலாளி. என்னம்மா உங்க வீட்டுக்காரர், கையப் புடிச்சுக் கேட்டு எடத்த நிறுத்தி வெக்கச் சொன்னார், இப்ப வந்து வேணாங்கறார், ஏன்னு கேட்டா, என் மகளுக்கு ஏற்கெனவே வேல இருக்குய்யா, பாதியில இருக்கு, முடிச்சுட்டு வரட்டும்னு சொல்லிட்டுப் போறார், எனக்கு ஒண்ணும் புரியல என்றார். எனக்குப் புரிந்தது. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அந்த இடத்துக்கு இப்போது அத்தை மகள் போகிறாள். நாற்காலி நன்றாகச் சுற்றுகிறதாம். அத்தை இந்த வாரம் முழுக்க உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறாள், எத்தனை நாளைக்கோ தெரியாது, இருக்கும்வரை அனுபவித்துக்கொள்வோம்.

ஆகவே, வந்துவிடட்டுமா என்று கேட்டாய், வராதே. பெற்றவள் எழுதுகிற வார்த்தையா இது. நீ போன நாளிலிருந்து சமையலறையில் இரண்டு தட்டு மட்டும் கழுவுகிறேன், ஒவ்வொரு தரமும் மூன்றாவதைத் தேடுகிறேன், உனக்குத் தெரியாதா. இருந்தாலும் வராதே. உடம்பு முடியவில்லை, மனசு உடைந்துபோகிறது என்ற நிலை வந்தால் ஒரு வார்த்தை சொல், அப்பா அந்த நிமிஷமே வேனை எடுத்துவிடுவார், உங்கள் தலைவரிடமும் ஒளிக்காமல் சொல், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கதவு திறக்கவில்லை என்பதற்காக வராதே. அந்த இஸ்திரிக் கடைக் கதவும் முதல் நாள் முகத்தில் அடித்தாற்போல்தானே சாத்தியது. அன்றைக்கு நீ அங்கேயே நின்றிருக்கிறாய், எங்களுக்கு அதை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அந்தப் புதுப்பெண் அழுதால் அழ விடு, சும்மா இரு என்று அதட்டாதே. உனக்கும் வந்தால் அவளுக்கு முன்னாலேயே அழுதுவிடு, பெரியவளாக நடிக்க வேண்டாம், அவளுக்கும் அது தெம்பாக இருக்கும். தினமும் ஒரே கடையில் ரொட்டி வாங்கு, ஒரே ஆளிடம் வழி கேள், தெரிந்த வழியாக இருந்தாலும் கேள், முகம் பழகட்டும். ஜன்னலுக்குத் திரை இல்லை, படுக்கை விரிப்பைக் கட்டியிருக்கிறோம் என்று சொன்னாயே, தைத்து அனுப்பியிருக்கிறேன், அளவு குத்துமதிப்புதான், நீளமாக இருந்தால் மடித்துவிடு, இப்போதுதான் மடிக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டதே. ஷூவும் வைத்திருக்கிறேன், உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் கால் அளவு தெரியாததால் உன் அளவிலேயே வாங்கினேன், பெரிதாக இருந்தால் கால் உறை இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொல். வீடு திரும்பும்போது சாவியை வழியிலேயே கையில் எடுத்துக்கொள், வாசலில் நின்று பையைக் குடையாதே.

ஆண்டவர் உன் கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு முன்னால் நடக்கட்டும். உன் நாக்கில் இனிமையும் மனசில் பொறுமையும் குறையாமல் இருக்கட்டும். உன் கூட இருக்கிற அந்தப் பிள்ளைக்கும், அவளைப் பெற்று எங்கேயோ உட்கார்ந்து தவிக்கிறவளுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும். இரண்டு பேரும் ஆரோக்கியமாக இருங்கள்.

மறக்காமல் ஒன்று செய். அந்த ஊரில் முதன்முதலாகக் கதவைத் திறந்து உங்களை உள்ளே கூப்பிடுகிறவர் யார், என்ன தொழில் செய்கிறார், வீட்டில் எத்தனை பேர், உட்காரச் சொல்லி என்ன கேட்டார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. இதைக் கேட்பது நான் இல்லை, அப்பா. என்னிடம் சொன்னால் போதாதாம், கடிதத்தை அவர் பெயருக்கே போடச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மாவும், பக்கத்தில் நின்று எழுதி முடித்தாயா முடித்தாயா என்று அவசரப்படுத்துகிற அப்பாவும்.